முதலில் கை நீட்டுவது யார்?

டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் சொல்வார்கள். கூடவே அலைந்த எனக்குத் தெரியும், அவருக்குக் கோபத்துக்கு முன்னால் மூக்குதான் வரும். ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும் முகத்தைத் தூக்கி மோந்து பார்ப்பார். சாக்கடை கலந்த குடிதண்ணீர், மூடாத தொட்டி, காய்ச்சல்காரர் படுத்திருந்த பாய், எல்லாமே அவருக்கு வாசனையில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகுதான் கத்த ஆரம்பிப்பார்.

காய்ச்சலும் காமாலையும் எங்கிருந்து எங்கே பரவுகின்றன என்று துரத்திக்கொண்டு போவது அவர் வேலையில் ஒரு பாதி. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் ரத்தக் குறைபாடுகளை ஆராய்வது மறுபாதி. நான் அவரிடம் லேப் டெக்னீஷியன். ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும், குப்பியில் எண் எழுத வேண்டும், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓட வேண்டும். மதுரை கோச்சடையில் அவர் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். கோபம் எல்லை தாண்டினால் தமிழ் பத்தாமல் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார். அது காதில் விழுந்தால் டிரைவர் அண்ணன் யாரும் சொல்லாமலே ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிடுவார்.

ஆனால் அவர் கோபத்துக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பழங்காநத்தத்தில் ஒரு தடவை டெங்கு பரவியபோது வீடு வீடாகப் போனோம். ஒரு மளிகைக் கடைக்காரர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். தன் கடைக்கு மேல் மாடியைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "மேடம், கட்டட வேலைக்கு வந்தவய்ங்க அந்த மாடியில குமிஞ்சு கெடக்காய்ங்க. அவய்ங்களாலதான இம்புட்டுக் காய்ச்சலும்?" என்றார்.

டாக்டரம்மா நேரே கடைக்குப் பின்னால் போய் அங்கிருந்த தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கினார். உள்ளே கொசுப்புழு நெளிந்தது.

"இது யாரு டிரம்மு?"

"நம்மளுதுதான் மேடம்."

"இதுக்குள்ள வளருதுல்ல, இதுக்கு மாடி எது, கீழ எதுன்னு தெரியுமா? எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, நாள் பூரா நின்னு சொல்றேன். யாரால வந்துச்சுன்னு கேட்டா என் வாயில இருந்து ஒரு சொல்லு வராது."

டிரம்மைக் காலால் தள்ளிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரரின் அரிசி மூட்டை வரைக்கும் தண்ணீர் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழிலே. அதில் அவர் கெட்டிக்காரர். ஒரு தெருவில் முதலில் படுத்தது யார், அவர் எந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டார், அங்கே பக்கத்து இலையில் யார் இருந்தார் என்பது வரை பிடித்துவிடுவார். எல்லாம் தெரிந்த அந்த மனுஷி, அதை ஊரார் கேட்டால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வார். கண்டுபிடிப்பது மருந்து கொடுக்கத்தான், அடிக்க ஆள் காட்டுவதற்கு இல்லை என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த வாய்ப்பூட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையையே பலி வாங்கப் பார்த்தபோது, எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

பேரையூருக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு ஊர். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து பெரியவர்கள் பலருக்குக் காமாலை வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் போனோம். உடைந்த குழாயைக் கண்டுபிடித்து, பஞ்சாயத்து ஆட்களைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கிளம்பும்போது ஒருவர் சொன்னார், பேச்சியம்மாள் வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் காமாலையாம் என்று.

"பச்சைப்புள்ள கொழாத் தண்ணியக் குடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா ஓடினார்.

உள் அறையில் மகேஸ்வரி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். பேச்சியம்மாளின் கூடப்பிறந்த தம்பி மகள் அவள். அத்தை மகன் சரவணனையே கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள். இவளுடைய முதல் குழந்தையும் ஆண்தான். பிறந்த வாரத்திலேயே உடம்பெல்லாம் மஞ்சளாகிச் செத்துப் போனது. இப்போது இந்தக் குழந்தையும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டின மாதிரிக் கிடந்தது. பால் குடிக்கக்கூட வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா குழந்தையின் கண்ணைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த பழைய வேட்டியில் மூக்கை வைத்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

பேச்சியம்மாள் பெருமையாகத்தான் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு வேட்டிம்மா. அவுக போயிச் சேந்துட்டாக. பேரன் பொறந்தா தாத்தா வேட்டியிலதான் மொதல்ல ஏந்தணும், அதுலயே பொதிஞ்சு வைக்கணும். எங்க வழக்கம் அது. பூச்சி அரிச்சுறாம டிரங்குப் பொட்டியில பத்திரமா வச்சிருந்தேன்."

பெட்டியைத் திறந்தோம். கண் எரிந்தது. துணி மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெள்ளையாக அந்துருண்டை.

அந்த வேட்டியை உருவி எறிந்து, தன் துப்பட்டாவில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு டாக்டரம்மா ஜீப்புக்கு ஓடினார். வழி நெடுக வீட்டுப் பாஷைதான். அண்ணன் அன்றைக்கு ஓட்டின மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ரத்தத்தையே மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டது.

மகேஸ்வரியிடம் டாக்டரம்மா எளிமையாகத்தான் விளக்கினார். "சில பேரு ரத்தத்துக்குச் சில சாமான் ஆகாது. இந்த உருண்டை ஆகாது, சில மாத்திரை ஆகாது. பட்டுச்சுன்னா செவப்பணு ஒடைஞ்சு போகும், காமாலை வரும். அதையெல்லாம் தள்ளி வச்சுட்டா உன் மகன் எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடியாடித் திரிவான். பயப்படாத."

பேச்சியம்மாளிடமும் பக்குவமாகவே பேசினார். "ஊரே போடுதும்மா இந்த உருண்டைய. எங்க வீட்லயும் கெடந்துச்சு. கடையில விக்கிறவன் பச்சைப்புள்ளத் துணிக்குப் போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றானா?" என்று கடைக்காரர்கள் மேல் பாய்ந்தார். அந்தப் பொம்பளை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். கெடுத்தது ஒரு அரைவேக்காட்டு டாக்டர். குடும்பத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்திருந்தோம். வார்டில் ரவுண்ட்ஸ் வந்த அந்தப் பையன், சுற்றிலும் சொந்தபந்தம் நிற்க, மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற தோரணையில், "இந்தக் குறைபாடு ஆம்பளப் பிள்ளைக்கு அம்மா வழியாத்தான் வரும்" என்றான். டாக்டரம்மா அவனை வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கிழித்த கிழியில் நர்சுகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என்ன பிரயோஜனம்? அதற்குள் யாரோ சொந்தக்காரன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டான். நாங்கள் வார்டை விட்டு இறங்குவதற்கு முன் ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாயிற்று. மருமகள் ரத்தத்தில் கோளாறு. ரெண்டு பிள்ளைக்கும் அவள்தான் எமன்.

வேட்டி மறந்துபோனது. அந்துருண்டை மறந்துபோனது. மடிப்புக்கு மடிப்பு உருண்டை வைத்து அடைத்த பெட்டி அந்த வீட்டிலேயே கிடக்க, அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பிள்ளை பெற்றவளின் ரத்த நாளத்துக்குள் குற்றவாளியைத் தேடினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகேஸ்வரியை நேரே அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிக்கடி எனக்குப் போன் செய்வாள். ஒருநாள், "அக்கா, என் ரத்தம் கெட்ட ரத்தமாக்கா?" என்றாள்.  "எங்க அத்தை சொல்றாக, என் தம்பி ரத்தம் தங்கம், அவன் கட்டிட்டு வந்தானே மேலூர்க்காரி, அவ கொண்டாந்த வெனைன்னு. எங்கம்மா சோறு திங்க மாட்டேங்குது அக்கா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் கூடிப் பேசித் தீத்துவிடப் போறாகளாம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேற பொண்ணு பாத்தாச்சாம்."

இந்த இடத்தில்தான் எனக்கு வெறி பிடித்தது. ஏனென்றால் உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் கையிலும் ஊசி போட்டவள் நான். மகேஸ்வரியின் அம்மா, அந்த மேலூர்க்காரி ரத்தத்தில் எதுவுமே இல்லை. குறைபாடு இருந்தது அப்பாவின் ரத்தத்தில், அந்தத் தங்கத் தம்பியிடம். ஆண்பிள்ளைக்கு அம்மா வழியாகத்தான் வரும் என்றால், அவருக்கு அவரைப் பெற்றவளிடமிருந்து வந்தது. அவளேதான் பேச்சியம்மாளையும் பெற்றவள். பேச்சியம்மாளின் சொந்த ரத்தத்திலும் அது இருந்தது. எவளைக் கெட்ட ரத்தம் என்று விரட்டினாளோ, அவளுக்கு அந்த ரத்தம் வந்தது பேச்சியம்மாளின் பிறந்த வீட்டிலிருந்துதான்.

டாக்டரம்மாவின் அறைக்குள் போய் மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"சொல்லிருவோம் மேடம். ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொம்பளை வாயடைச்சுப் போகும்."

"அப்புறம்?"

"மகேஸ்வரி வீடு திரும்புவா."

"அந்தம்மாவுக்கு ரெண்டு மக கல்யாணத்துக்கு நிக்குதே, அதுகளுக்கு?"

"அதுக்காக இவ சாகணுமா?"

"நீ இவளைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு, கல்லை எடுத்து ஊர்க்காரங்க கையில குடுக்குற. இன்னைக்கு இவ மேல எறிஞ்சதை நாளைக்கு அதுக மேல எறிவாங்க. எறியிறவங்க அப்படியேதான இருப்பாங்க?" பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். "அந்தம்மா ஏன் ரத்தத்தைப் பிடிச்சுத் தொங்குதுன்னு யோசிச்சியா? வேட்டிய எடுத்துக் குடுத்த கை எதுன்னு அதுக்குத் தெரியும். மொதப் பேரனுக்கும் அதே வேட்டிதான். அத நெனச்சுக்கிட்டுத் தூங்க முடியுமா அதால?"

"உங்க நியாயமெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு மேடம். வாழ்க்கை போறது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவரிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் நான்தான் என்று அண்ணன் சொன்னார். பேசியதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. "ஊசி, குப்பி எல்லாம் எடுத்துக்க. நெறைய" என்றார் டாக்டரம்மா. ஜீப் திருமங்கலம் தாண்டிப் பேரையூர் ரோட்டில் போனது. 

பேச்சியம்மாள் வீட்டு முன்னால் பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஆம்பளைகள். சரவணன் ஒரு ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. மகேஸ்வரி நிலைப்படிக்கு அருகே பிள்ளையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் தூணில் சாய்ந்து நின்றாள்.

பங்காளிகளில் மூத்தவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "வாங்க டாக்டரம்மா. நல்ல நேரத்துல வந்தீக. நாங்க படிக்காத ஆளுக. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க முடிச்சுக்குவோம். இந்த நோக்காடு யார் வழியா வந்துச்சு?"

அந்தக் கேள்வி. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

"தாராளமாச் சொல்லிரலாம். ஆனா ஒருத்தர் ரத்தத்தை மட்டும் பாத்துச் சொன்னா அது நியாயம் இல்லைல்ல? இங்க தீர்ப்புச் சொல்ல உக்காந்திருக்கிற எல்லாருக்கும் பாத்துருவோம். சர்க்கரை, உப்பு, பொம்பளச் சீக்கு, குடிச்சுக் கெட்ட ஈரலு, பரம்பரைக் கோளாறு, எதையும் விடாமப் பாக்குறேன். பேரு போட்டுக் கோயில் செவத்துல ஒட்டிருவோம். யாரு ரத்தம் சுத்தம், யாரு ரத்தம் அசுத்தம்னு ஊரே பாத்துக்கிறட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஊசிய எடும்மா. ம், மொதல்ல யாரு? கைய நீட்டுங்க."

அவர் ஒருநாளும் அப்படி ஒட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. நான் ரப்பர் பட்டையை எடுத்து இழுத்துப் பார்த்தேன். மூத்தவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, தோளோடு கையையும் மூடிக்கொண்டார். இன்னொருவருக்குத் திடீரென்று மாடு ஞாபகம் வந்தது. ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனார், அது அடிக்கவே இல்லை. சரவணன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"என்னய்யா, ஒத்தக் கை கூட வரலையா?"

வந்தது. பேச்சியம்மாள் முன்னால் வந்து சேலையை ஒதுக்கி முழங்கை வரை நீட்டினாள். "இந்தாங்க, எடுங்க. எனக்கென்ன பயம்? எங்க ஆத்தா வயித்துல பொறந்த ரத்தம் இது. ஒண்ணும் இருக்காது."

என் கையில் ஊசி. வாயில் அந்த ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு நடுவில், அவள் தானாகவே வந்து கேட்கிறாள். சொல்லுங்கள் மேடம், சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்தார். ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கு ஏற்கெனவே எடுத்துப் பாத்தாச்சும்மா. ஞாபகம் இல்லையா?" என்றார். "திரும்ப வேண்டாம். கைய உள்ள வச்சுக்கங்க."

அவ்வளவுதான். கோபம் கொஞ்சமும் இல்லாத குரல். அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. பேச்சியம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி, நின்றுகொண்டிருந்த தன் தம்பியைப் பார்த்தாள். மகேஸ்வரியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நீட்டிய கையை மெதுவாக மடக்கி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப மருமக விஷயம்..."

"எந்திரிச்சுப் போங்க எல்லாரும்" என்று பேச்சியம்மாள் கத்தினாள். "பச்சைப்புள்ள தூங்குறது தெரியல? என் வீட்டு விஷயத்தை நான் பாத்துக்கிறேன். போங்க." மகேஸ்வரியிடம் போய் நின்றாள். "ஏத்தா, வெக்கை அடிக்குது. புள்ளய உள்ள கொண்டு போ."

மகேஸ்வரி அன்றைக்கு அந்த வீட்டுக்குள் போனவள்தான், பிறகு யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. டிரங்குப் பெட்டியை நாங்களே வெளியே இழுத்து வெயிலில் காயப் போட்டு, துணியெல்லாம் வெந்நீரில் அலசச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பேச்சியம்மாள் அந்த வேட்டியை மட்டும் தனியாக எடுத்து அடுப்பில் போட்டாள்.

திரும்பும்போது கேட்டேன். "வேணும்னேதான மேடம் அப்படிப் பாத்தீங்க? அவளுக்குப் புரியட்டும்னு?"

"எப்படிப் பாத்தேன்?" என்றார். உடனே முன்னால் போன மினிபஸ்ஸை முந்தப் பார்த்ததற்காக அண்ணனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசி வரைக்கும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவரை எந்த நிர்வாகம் வைத்துக்கொள்ளும்? பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு விழா எடுப்பதற்காக, குறைபாடு இருக்கிற ஊர், சாதி விவரத்தையெல்லாம் மேலதிகாரிகள் கேட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் அந்த ஊர்ப் பெண்களை எவன் கட்டுவான் என்று கேட்டுவிட்டுத் தர மறுத்தார். ஆராய்ச்சியை மூடினார்கள். அவர் வடக்கே எங்கோ வேலைக்குப் போனார். அங்கேயே இறந்துபோனார் என்று கோச்சடை வீட்டில் சொன்னார்கள். விழா எடுக்க நினைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு மாலை அனுப்பவில்லை.

நான் இப்போது பழங்காநத்தத்தில் சின்னதாக லேப் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நிச்சயம் பண்ணப்போகிற பெண், அவள் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. உள்ளே வந்ததுமே பெண் சுடிதார்க் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வெளியே பைக்கில் சாய்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருந்தான்.

"பரம்பரை நோய் இருக்கா, ரத்தம் சுத்தமான்னு எல்லாம் பாத்துருங்கம்மா" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "கல்யாணத்துக்குப் பெறகு எங்க வம்சத்துக்கு ஒண்ணு வந்துறக் கூடாதுல்ல."

"பாத்துருவோம். மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க."

"அவனுக்கு எதுக்கு? பொண்ணுக்கு மட்டும் எடுத்தாப் போதும்."

நான் வாசலுக்குப் போனேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கூப்பிட்டேன். "தம்பி, உள்ள வாங்க. மொதல்ல நீங்க. கைய நீட்டுங்க."

அவன் என்னைப் பார்த்தான், அவன் அம்மாவைப் பார்த்தான், பைக்கைக் கிளப்பினான். அந்த அம்மாள் என்னைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே வெளியேறினாள். அடுத்த தெருவில் இன்னொரு லேப் இருக்கிறது, அங்கே போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டினாள்.

பெண் கடைசியாக ஏறினாள். மடித்துவிட்ட கையை அவள் இறக்கவே இல்லை.